வெஸ்டெரோஸ் நாட்டுச் சிறுகுடிப் பிரபுக்கள்

தோற்றுவாய்

சரித்திரம் பயில்வோர் பெரும்பாலும் மன்னர்தம் பெயர்களையே நினைவிற் கொள்வர். இன்ன மன்னன் இன்ன ஆண்டில் முடிசூடினான், இன்னானை வென்றான், இன்னானிடம் தோற்றான் என்பனவே தேர்வுத் தாளில் இடம்பெறுகின்றன. அம்மன்னனுக்குப் படை திரட்டித் தந்தவர் யாவர், அவன் தோற்றோடிய இரவில் கோட்டைக் கதவைத் திறந்தவர் யாவர், தாழிட்டவர் யாவர் என்று வினவுவார் மிகச் சிலர். ஆயினும், நாடுகளின் தலைவிதி பன்முறையும் அத்தகைய கதவுகளின் முன்னரே தீர்ந்திருக்கின்றது. 1485-ஆம் ஆண்டில் பாஸ்வொர்த் களத்தில் இங்கிலாந்தின் மணிமுடி கைம்மாறிய வரலாறு இதற்குச் சான்றாகும். இரு திறத்தாரும் பொருதுகொண்டிருக்க, ஸ்டான்லி குடும்பத்தார் தம் படையோடு ஒதுங்கி நின்று பார்த்திருந்தனர். இறுதியில் சர் வில்லியம் ஸ்டான்லி ஹென்றி டியூடரின் பக்கம் பாயவே, மூன்றாம் ரிச்சர்ட் மன்னன் களத்தில் மடிந்தான்.

இவ்வுண்மையை நன்குணர்ந்து, அதன்மேல் ஒரு கற்பனை உலகத்தையே எழுப்பியவர் அமெரிக்க நாவலாசிரியராகிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்பார். இவர் 1948-ஆம் ஆண்டிற் பிறந்தவர். பனியையும் நெருப்பையும் பற்றிய பாட்டு என்னும் பொருள்படும் பொதுப்பெயரால் இவர் எழுதிய பெருங்கதையின் முதற்றொகுதி 1996-ஆம் ஆண்டிலும், ஐந்தாந்தொகுதி 2011-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அக்கதை 2011 முதல் 2019 வரை தொலைக்காட்சித் தொடராகவும் நடைபெற்று உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தில் 1455 முதல் 1487 வரை நிகழ்ந்த ரோஜாப் போர்கள் தமக்குத் தூண்டுகோலாயின என்பதை ஆசிரியரே கூறியுள்ளார். தொடரிற் காணப்படும் மாறுதல்களை விடுத்து, நூல்களிற் கண்டவற்றையே ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

கதையின் தலைவர்கள் பெருங்குடியினர். அவர்களைப் பற்றிப் பேசுவார் பலர் உளர். அவர்களுக்குக் கீழ்ப்பட்டு, ஒரு கோட்டையும் சில ஊர்களும் உடையராய் வாழும் சிறுகுடிப் பிரபுக்களின் இயல்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குறுநில மன்னர் என்னும் நம் பழஞ்சொல் இவர்க்கு நன்கு பொருந்தும்.

பெருங்குடியும் சிறுகுடியும்

வெஸ்டெரோஸ் என்பது ஒரு பெருங்கண்டம். அதன் ஏழு இராச்சியங்களும் இரும்பு அரியணையில் வீற்றிருக்கும் ஒரு மன்னனுக்கு அடங்கியவை. வடபுலத்தை ஸ்டார்க் குடியினரும், மேற்கை லானிஸ்டர் குடியினரும், ஆற்றுநாட்டை டல்லி குடியினரும், ஏனைய பகுதிகளைப் பிற பெருங்குடியினரும் ஆளுகின்றனர். வடகோடியில் ஏறக்குறைய 700 அடி உயரமுள்ள பனிமதில் ஒன்று நிற்கின்றது. நிலமும் மனைவியும் மக்களும் வேண்டாவெனச் சூளுரைத்த கருப்பாடைக் காவற்படையினர் அதனைக் காக்கின்றனர். ராபர்ட் மன்னன் இறந்தபின் அரியணைக்குப் பலர் போட்டியிட, வடபுலத்தார் எடார்ட் ஸ்டார்க்கின் மகனாகிய ராப் என்னும் இளைஞனைத் தம் மன்னனாகக் கொண்டனர். நாட்டில் நெருப்பெழுந்தது. கதைக்கு இவ்வளவு அறிமுகம் போதும்.

ஒவ்வொரு குடிக்கும் ஓர் இலச்சினையும் ஒரு குலமொழியும் உண்டு. ஓநாய், சிங்கம், மீன், கரடி, வேடன் என இலச்சினைகள் பலதிறப்பட்டவை. இவற்றை அலங்காரம் என்று எண்ணிவிடலாகாது. எழுத்தறியாதார் பெரும்பாலாராய நாட்டில், கொடியிலுள்ள உருவமே ஒரு குடியின் பெயரும் கையொப்பமும் ஆகும்.

பெருங்குடி தவறிழைத்தால் அதன் படையும் பொன்னும் அத்தவற்றைச் சிறிது காலமேனும் மூடிவைக்கும். லானிஸ்டர் குடியின் பொற்சுரங்கங்கள் எத்தனையோ கொடுமைகளுக்குத் திரையாயின. சிறுகுடிக்கோ அத்தகைய திரை இல்லை. அதன் முதலெல்லாம் அது கொடுத்த சொல்லே. அச்சொல்லுக்கு மதிப்புள்ளவரை, இருநூறு வீரரையுடைய பிரபுவும் அவையில் மதிக்கப்படுவான். மதிப்பு அழிந்தபின், நாலாயிரம் வீரர் இருப்பினும் அவனைக் கண்டவர் முகந்திருப்புவர். அங்ஙனமாயின், கட்டாயப்படுத்துவார் எவரும் இல்லாத இடத்தில் ஒரு வாக்குறுதிக்கு விலை என்ன? ஆசிரியர் சிறுகுடிகளின் வாயிலாக மீண்டும் மீண்டும் எழுப்பும் வினா இதுவே. இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

பாலத்தைக் காத்த குடி

டிரைடென்ட் பேராற்றின் ஒரு கிளையின்மேல் ஒரு கற்பாலமும், அதன் இரு கரையிலும் ஒன்றுபோன்ற இரண்டு கோட்டைகளும் உள்ளன. அவற்றிற்கு இரட்டையர் என்பது பெயர். இவற்றை ஏறக்குறைய 600 ஆண்டுகளாக உடையவர் ஃபிரே குடியினர். ஆற்றைக் கடப்பார் யாவரும் அவர்க்குச் சுங்கம் செலுத்தவேண்டும். ஆகலின் அக்குடி செல்வத்தாற் சிறந்ததாயினும், பழங்குடியினர் அதனைப் புதுப்பணக்காரரென்று எள்ளி நகையாடினர். அந்நகையைத் தொண்ணூறு வயதளவும் நெஞ்சில் அடைகாத்தவன் அக்குடித் தலைவனாகிய வால்டர் ஃபிரே.

முந்திய போரில் அவன் தன் தலைவராகிய டல்லி குடியினர்க்குத் துணையாக வரவேண்டியவன். போர் முடிந்து வெற்றி இன்னார்க்கு என்பது தெரிந்த பின்னரே அவன் படை களத்தை வந்தடைந்தது. அதுமுதல் காலந்தாழ்த்திய பிரபு என்னும் வசை அவனைப் பற்றிக்கொண்டது. பாலமுடையானின் மனப்பான்மை முழுவதும் இதில் அடங்கியுள்ளது. இருகரையிலும் வீடுடையவன் எக்கரையிலும் நிலைத்து நிற்பதில்லை.

ராப் மன்னன் தென்றிசை நோக்கிப் படை நடத்தியபோது அப்பாலத்தைக் கடவாமற் செல்ல வழியில்லை. வால்டர் கேட்ட விலை திருமணச் சம்பந்தம். ராப் தன் மகளிருள் ஒருத்தியை மணக்கவேண்டுமென்று அவன் ஒப்பந்தம் செய்துகொண்டான். பின்னர் ராப், மேற்கில் ஒரு கோட்டையைக் கைப்பற்றிக் காயமுற்றுக் கிடந்தபோது, வெஸ்டர்லிங் என்னும் நலிந்த பழங்குடியின் மகளொருத்தியை மணந்துகொண்டான். ஆகவே முதலில் வாக்குப் பிறழ்ந்தவன் ராப் என்பதை நாம் மறைத்தல் ஆகாது. ஆசிரியரும் மறைக்கவில்லை. வால்டரின் சினத்திற்கு நியாயமான காரணம் ஒன்று இருந்தது.

ஆயின் அச்சினம் கொண்ட வடிவத்திற்கு நியாயமில்லை. பிழைக்கு ஈடாக ராப்பின் மாமன் ஃபிரே குடிப் பெண்ணை மணப்பதென்று முடிவாயிற்று. விருந்தினர் வந்தனர். உப்பும் அப்பமும் உண்டனர். வெஸ்டெரோஸில் ஒருவன் கூரையின்கீழ் அவன் தந்த உப்பையும் அப்பத்தையும் உண்டபின், விருந்தளிப்பவன் விருந்தினனுக்கும், விருந்தினன் விருந்தளிப்பவனுக்கும் தீங்கிழைத்தல் பெரும்பாவம். பழந்தெய்வத்தை வணங்குவாரும் புதுத்தெய்வத்தை வணங்குவாரும் ஒருப்பட்ட அறம் இது. அன்றிரவு மணவிழா நடந்துகொண்டிருக்கையிலேயே ராப்பும் அவன் தாயும் அவன் வீரர் பலரும் கொலையுண்டனர்.

இந்நிகழ்ச்சிக்கு ஸ்காட்லாந்து சரித்திரத்தில் ஆசிரியர் கண்ட முன்மாதிரிகள் இரண்டு. 1440-ஆம் ஆண்டில் எடின்பரோக் கோட்டையில், சிறுவனாகிய இரண்டாம் ஜேம்ஸ் மன்னனோடு உணவருந்த அழைக்கப்பட்ட டக்ளஸ் குடியின் இளந்தலைவனும் அவன் தம்பியும் பிடிக்கப்பட்டுத் தலைவெட்டுண்டனர். 1692-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் கிளென்கோ பள்ளத்தாக்கில், ஏறக்குறைய இரண்டு வாரம் மக்டானல்டு குடியினரின் வீடுகளில் உண்டு உறங்கிய படைவீரர், விடியுமுன் எழுந்து தம்மைப் புரந்தவர்களையே கொன்றனர். நம்பிக்கையின்கீழ் இழைத்த கொலையைச் சாதாரணக் கொலையினும் கொடியதாக ஸ்காட்லாந்துச் சட்டம் அக்காலத்தே வகுத்திருந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஃபிரே குடி இச்செயலாற் பெற்றது என்ன? புதிய கோட்டைகள் சில கிடைத்தன. ஆனால் அக்கொலையால் நன்மையடைந்த லானிஸ்டர் குடியினரே அவர்களை அருவருத்தனர். வழியிலே தனித்து அகப்பட்ட ஃபிரே குடியினர் மரங்களில் தூக்கிடப்பட்டனர். எவரையும் நம்பாமல் எவரும் நம்பாமல் வாழ்வதே அவர்தம் தண்டனையாயிற்று. பாலம் நிற்கின்றது, அதைக் கடப்பார்தாம் அஞ்சுகின்றனர்.

அடைக்கலம் பெற்ற குடி

வடபுலத்தில் நகரமென்று சொல்லத்தக்கது வெண்டுறைமுகம் ஒன்றே. அதன் தலைவர் மாண்டர்லி குடியினர். இவர்தம் முன்னோர் தெற்கே வளமிக்க ரீச் நாட்டில் வாழ்ந்தவர். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகட்குமுன் பகைவரால் துரத்தப்பட்டு, நாடும் வீடும் இழந்து வடக்கே வந்தபோது, ஸ்டார்க் மன்னர் அவர்க்கு நிலமும் கோட்டையும் தந்து ஆதரித்தனர். அவர்தம் சமயத்தை மாற்றும்படியும் வற்புறுத்தவில்லை. ஆகலின் பழந்தெய்வ வழிபாடே மிக்க வடபுலத்தில் மாண்டர்லி குடி இன்றளவும் ஏழுருவத் தெய்வத்தையே வழிபட்டு வருகின்றது. கடலில் வாழும் மீன்மனிதன் சூலமேந்திய உருவம் அதன் இலச்சினை.

இக்குடித் தலைவன் வைமன் மாண்டர்லி. குதிரைமேல் ஏறவியலாத அளவுக்குப் பருத்த உடலன். அவனைக் கோழையென்றும் தீனிப்பண்டாரமென்றும் எல்லாரும் இகழ்ந்தனர். அவன் மகனொருவன் இரட்டையர் கோட்டையில் விருந்துண்ணப் போய்க் கொலையுண்டான். மூத்த மகனோ லானிஸ்டர் கையிற் சிறைப்பட்டிருந்தான். மகனை மீட்கவேண்டி, வைமன் தன் அவையில் ஃபிரே குடித் தூதரை வரவேற்று உபசரித்தான். அவர் கூறிய பொய்களைத் தலையசைத்துக் கேட்டான்.

அவ்வவையில் அவன் பேர்த்தியாகிய வில்லா என்னும் இளம்பெண் எழுந்து நின்று, அடைக்கலம் தந்த நாளில் தம் முன்னோர் ஸ்டார்க் குடிக்குச் செய்த சத்தியத்தை எல்லாரும் கேட்க எடுத்துரைத்தாள். அவள் வாயை அடக்கினர், வெளியே அனுப்பினர். ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய வாக்குறுதி அன்று ஒரு சிறுமியின் நாவில் மட்டுமே உயிரோடிருந்தது போலத் தோன்றிற்று. உண்மையில் கிழவனும் அதனை மறந்தானல்லன். ஸ்டானிஸ் மன்னனின் தூதனாகிய டாவோஸைக் கொன்றதாக ஊரறியக் காட்டி, இரவில் அவனை மறைவாக அழைத்து, ஸ்டார்க் குடியின் இளஞ்சிறுவன் உயிரோடிருக்கும் இடத்தைத் தெரிவித்து, அவனை மீட்டுக் கொணர்ந்தால் தன் குடி எழும் என்று உறுதி கூறினான்.

இவ்வளவும் பாராட்டத்தக்கவை. இதற்குமேல் நடந்ததை அவ்வாறு கூறவியலாது. தன்னிடம் விருந்துண்ட ஃபிரே குடியினர் மூவர்க்கும் வைமன் குதிரைகளைப் பரிசாகக் கொடுத்து விடைகொடுத்தனுப்பினான். விடைபெறும் பரிசைப் பெற்றபின் விருந்தினன் விருந்தினனல்லன் என்பது அந்நாட்டு வழக்கு. அம்மூவரும் வழியில் மறைந்தனர். சிலநாளில் நடந்த ஒரு மணவிருந்துக்கு வைமன் மூன்று பெரிய அப்பவகைகளைச் சமைப்பித்துக் கொணர்ந்து, தானே பரிமாறித் தானும் உண்டான். அவற்றினுள் இருந்த இறைச்சி யாதென்று ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. வாசகர் உய்த்துணர விட்டுவிட்டார். விருந்தறத்தின் எழுத்தை ஒருவன் பிசகாமற் காத்து, அதன் உயிரைக் கொன்றுவிடலாம் என்பதற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு இல்லை. நன்றி மறவாமை என்னும் நற்பண்பே பழிவாங்குதல் என்னும் நஞ்சாக மாறும் எல்லைக்கோடு இவ்விடத்தே உளது.

சதுப்புநிலத்துக் குடி

வடபுலத்திற்கும் தென்புலத்திற்கும் இடையே ஒடுங்கிய சதுப்புநிலம் ஒன்றுண்டு. அங்கு வாழ்வார் குறுகிய உடலினர். தவளையும் மீனும் பிடித்து உண்பவர். நேர்நின்று போர்செய்யாமல் வலையும் ஈட்டியும் நஞ்சும் கொண்டு மறைந்து தாக்குபவர். ஏனைய பிரபுக்கள் இவரைச் சேற்றுமனிதர் என்று பழிப்பர். இவர்க்குத் தலைவர் ரீட் குடியினர். இவர்தம் கோட்டை கல்லின்மேல் எழுந்ததன்று; மிதக்கும் தீவின்மேல் அமைந்து ஓரிடத்து நில்லாமல் நகர்வது. தூது செல்லும் காக்கைகளும் அதனைக் கண்டுபிடிக்க இயலா.

ஹௌலண்ட் ரீட் என்பான் முந்திய போரில் எடார்ட் ஸ்டார்க்குக்குத் துணைநின்றவன். கோபுரமொன்றின் அடியில் அரச மெய்காவலர் மூவரை எழுவர் எதிர்த்த போரில் உயிரோடு மீண்டவர் எடார்டும் ஹௌலண்டும் ஆகிய இருவரே. எடார்டின் உயிரை ஹௌலண்டே காத்தான். அதன்பின் அவன் தன் சதுப்புநிலத்திற்குச் சென்றான். இதுவரை வெளிவந்த ஐந்து தொகுதிகளிலும் அவனைப் பிறர் நினைவிலன்றி நேரில் நாம் சந்திப்பதில்லை. தான் செய்த உதவியைச் சொல்லிக்காட்டி ஒரு பதவியும் அவன் வேண்டிற்றிலன்.

ராப் போருக்குச் சென்றபின், அவன் கோட்டையில் கால்முடமாகிய தம்பி பிரான் தங்கியிருந்த காலத்து, ஹௌலண்டின் மகளும் மகனும் எவரும் அழையாமலே வந்து, தம் குடியின் விசுவாசப் பிரமாணத்தைப் புதுப்பித்தனர். பெரிய பிரபுக்கள் நிலமும் பதவியும் கேட்டு வந்துகொண்டிருந்த வேளை அது. இவ்விருவரும் கேட்டது ஒன்றுமில்லை. கோட்டை வீழ்ந்து எரிந்தபின் நடக்கவியலாத அச்சிறுவனைப் பனிமதிலுக்கப்பாலும் அழைத்துச் சென்றவர் இவர்களே. பாலமுடையார்க்கும் சேறுடையார்க்கும் உள்ள வேற்றுமையை வாசகர் இவற்றை அடுத்தடுத்து வைத்துக் காண்பாராக.

பழம்பகை பேணிய குடிகள்

ஆற்றுநாட்டில் பிளாக்வுட், பிராக்கன் என இரண்டு குடிகள் உள. இவற்றின் பகை ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையது. முன்னொருகாலத்தில் தாமே மன்னரென்றும் மற்றவர் தமக்கு அடங்கியவரென்றும் இரு திறத்தாரும் சாதிப்பர். பிளாக்வுட் கோட்டையில் இலையற்று உலர்ந்து நிற்கும் ஒரு பெருமரம் உண்டு. அதனை நஞ்சிட்டுக் கொன்றவர் பிராக்கன் குடியினர் என்பது பிளாக்வுட் குடியினர் சொல்லும் வரலாறு. மாலைதோறும் நூற்றுக்கணக்கான காக்கைகள் அம்மரத்தில் வந்தடையும். நாட்டில் எப்போர் மூளினும் இவ்விரு குடிகளும் எதிரெதிர்ப் பக்கம் சேர்வது வழக்கமாயிற்று. நாட்டின் வழக்கு யாதென்பது அவர்க்குப் பொருட்டன்று. பகைவன் எப்பக்கத்தில் நிற்கின்றான் என்பதே பொருட்டு.

இதில் வியப்பு யாதெனின், இடையிடையே எத்தனையோ முறை சமாதானம் நிகழ்ந்து, மணவினைகளும் நடந்துள்ளன. ஆகவே ஒவ்வொரு குடியின் உடம்பிலும் மற்றதன் இரத்தம் ஓடுகின்றது. அவர்கள் வெறுப்பது தம் தாயத்தாரையே. பகை இங்கே ஒரு குணமாகாமல் ஒரு சொத்தாகிவிட்டது. நிலத்தையும் வீட்டையும் போலத் தந்தை அதனை மகனுக்கு விட்டுச் செல்கின்றான். மகனும் கணக்குப் பாராமல் ஏற்றுக்கொள்கின்றான். ஊர்தோறும் வரப்புச் சண்டையைக் கண்டவர்க்கு இப்பகுதி கற்பனையாகத் தோன்றாது.

தந்தையும் மகனும்

இதுகாறும் கூறியவற்றைக் கேட்பார், குணம் இரத்தத்தில் வருவதென்றும், ஃபிரே குடியிற் பிறந்தார் எல்லாம் துரோகிகளே என்றும், ரீட் குடியிற் பிறந்தார் எல்லாம் உத்தமரே என்றும் கருதக்கூடும். அக்கருத்தை மறுப்பனவாக ஆசிரியர் இரண்டு குடிகளை அமைத்துள்ளார்.

ஒன்று மார்மான்ட் குடி. வறிய கரடித்தீவு இவர்தம் இடம். ஆடவர் மீன்பிடிக்கக் கடலேகிய காலத்தில் கொள்ளைக்காரர் வந்திறங்குவர். ஆகலின் அத்தீவின் பெண்டிர் படைக்கலம் பயின்றவர். குடித்தலைவனாகிய ஜியோர் தன் ஆட்சியை மகன் ஜோராவுக்கு விட்டுக் கருப்பாடைக் காவற்படையிற் சேர்ந்தான். ஜோரா, தன் மனைவியின் ஆடம்பரச் செலவுக்குப் பொருள் வேண்டி, வேட்டைக் குற்றவாளிகள் சிலரை அடிமை வாணிகனுக்கு விற்றுவிட்டான். எடார்ட் ஸ்டார்க்கின் தண்டனைக்கு அஞ்சி நாட்டைவிட்டோடினான். ஆயினும் ஐந்து நூற்றாண்டாகக் குடியில் வழங்கிய அரிய வாளை அவன் எடுத்துச் செல்லாது விட்டுப்போனான் என்பது குறிக்கத்தக்கது. அதற்குத் தான் தகுதியற்றவன் என்பதை அவன் நெஞ்சு அறிந்திருந்தது. அவ்வாள் தந்தையிடம் சேர்ந்தது. தந்தை அதனைத் தன் உயிரைக் காத்த ஜான் ஸ்னோ என்னும் இளைஞனுக்கு ஈந்தான். இளைஞன் எடார்டின் முறைபிறழ்ந்த மகனாகக் கருதப்பட்டவன். மார்மான்ட் இரத்தம் ஒருதுளியும் இல்லாதவன். குடியின் வாள் குணத்தை நாடிச் சென்றது. அதே குடியிற் பத்து வயதுச் சிறுமியாகிய லியானா, ஸ்டானிஸ் மன்னன் படைத்துணை கேட்டு எழுதிய ஓலைக்கு, தாங்கள் ஸ்டார்க் குடியினரையன்றிப் பிறரை மன்னராகக் கொள்வதில்லையென்று அஞ்சாமல் மறுமொழி விடுத்தாள்.

மற்றொன்று டார்லி குடி. நடந்து செல்லும் வேடன் அதன் இலச்சினை. அக்குடித் தலைவனாகிய ராண்டில் தன் காலத்துத் தலைசிறந்த படைத்தலைவருள் ஒருவன். அவன் மூத்த மகன் சாம்வெல் பருத்தவன். நூலிலும் இசையிலும் விருப்பமுடையவன். இரத்தத்தைக் கண்டால் நடுங்குபவன். தந்தைக்கு அவன் அவமானச் சின்னமாயினான். தம்பியொருவன் பிறந்தபின், தந்தை அவனை அழைத்து, உரிமையைத் துறந்து காவற்படையிற் சேர்க. இன்றேல் வேட்டையில் நேரும் விபத்தால் உயிரிழப்பாய் என்று கூறிவிட்டான்.

கோழையென்று தானும் நம்பியிருந்த அச்சிறுவன், பனிமதிலுக்கப்பால் வீரர் பலரும் ஓடியபோது, பனிப்பேயொன்றைக் கண்ணாடிக் கத்தியாற் குத்தி வீழ்த்தினான். ஆதரவற்ற ஒரு பெண்ணையும் அவள் குழந்தையையும் காத்து மீட்டான். காவற்படைக்குத் தக்க தலைவன் தேர்ந்தெடுக்கப்படுமாறு அறிவினாற் சூழ்ச்சி செய்தான். பின்னர்க் கல்வி கற்கப் பெருநகர் சென்றான். வாளால் அளந்த தந்தைக்கு மகன் பூச்சியமாகத் தோன்றினான். பிழை அளவுகோலில் இருந்தது. பிள்ளைகளைத் தம் கனவுக்கேற்ற வடிவில் வார்க்க முயலும் பெற்றோரும், அவ்வார்ப்பிற் பொருந்தாமல் மனம் நொந்த பிள்ளைகளும் ஒருங்கே சிந்திக்கவேண்டிய பகுதி இது.

இரண்டு புதுக்குடிகள்

பழமை இல்லாத குடிகள் எங்ஙனம் தோன்றுகின்றன என்பதையும் ஆசிரியர் காட்டியுள்ளார். லானிஸ்டர் பிரபுவொருவனைப் பெண்சிங்கம் ஒன்று தாக்கியபோது, அவனுடைய நாய்க்காப்பாளன் தன் நாய்களை ஏவி அவனைக் காத்தான். நாய்கள் மூன்று மடிந்தன. காப்பாளன் ஒரு காலை இழந்தான். அதற்குப் பரிசாக நிலமும் கோபுர வீடும் கிடைத்தன. கிளேகேன் குடி இவ்வாறு பிறந்தது. மஞ்சட்கொடியில் மூன்று நாய்கள் அதன் இலச்சினை. அவன் பேரன் கிரெகர், எசமானன் ஏவியதை ஏனென்று கேளாமற் செய்து, பச்சிளங் குழந்தையையும் கொன்ற கொடியோன். பாட்டனின் விசுவாசம் பேரனிடத்தும் இருந்தது. மனச்சாட்சி மட்டும் இல்லை. மனச்சாட்சியில்லாத விசுவாசம் யாரை வேண்டுமானாலும் கடிக்கும்.

இதற்கு மறுதலை சீவர்த் குடி. டாவோஸ் என்பான் கள்ளக்கடத்தற்காரன்; நகரத்துச் சேரியிற் பிறந்தவன். முற்றுகையிற் பட்டினி கிடந்த ஸ்டானிஸின் கோட்டைக்கு இருளில் வெங்காயமும் கருவாடும் நிறைந்த படகைச் செலுத்தி, உள்ளிருந்தாரைக் காத்தான். ஸ்டானிஸ் அவனுக்கு வீரப்பட்டமும் நிலமும் அளித்தான். ஆயின் பழைய குற்றங்களுக்குத் தண்டனையாக அவன் இடக்கைவிரல் நான்கின் நுனிக்கணுக்களையும் வெட்டினான். டாவோஸ் அதனை நீதியென்றே ஏற்றுக்கொண்டான். ஸ்டானிஸ் தன் கையாலேயே வெட்டவேண்டும் என்பது மட்டுமே அவன் கேட்டது. பாயில் வெங்காயம் பொறித்த கருங்கப்பலைத் தன் இலச்சினையாக்கிக்கொண்டான். தன் இழிந்த தொடக்கத்தை மறைக்காது கொடியிலே தீட்டிய குடி அது.

ஒரு கடற்போரில் டாவோஸ் மைந்தர் நால்வரை இழந்தான். பின்னர் மன்னனின் முதன்மந்திரியானான். எழுத்தறியாத மந்திரி என்று பிறர் நகைப்பதை உணர்ந்து, அவ்வயதிற் சிறுவரோடு அமர்ந்து எழுத்துக் கற்றான். எழுத்துக்கூட்டிப் பழைய ஓலைகளைப் படித்துவருகையில், பனிமதிலிலிருந்து காவற்படையினர் எல்லா மன்னர்க்கும் விடுத்த உதவி வேண்டுகோள் ஒன்று அவன் கண்ணிற் பட்டது. ஏனைய மன்னர் அதனைப் பொருட்படுத்தவில்லை. டாவோஸ் அதனை ஸ்டானிஸுக்குப் படித்துக் காட்டி, முடியை வென்று நாட்டைக் காப்பதன்று, நாட்டைக் காத்து முடியை வெல்வதே முறை என்னும் நெறியில் அவனைச் செலுத்தினான். மன்னர் பலருள் ஸ்டானிஸ் ஒருவனே பனிமதிலுக்குத் துணைப்படை கொண்டு சென்றான். முதிர்ந்த வயதிற் கற்ற எழுத்து ஒரு நாட்டின் காவலாயிற்று. கல்வியின் பயனைக் கூறும் உரைகள் ஆயிரம் இருப்பினும், கல்லூரி மாணவர்க்கு இவ்வொரு காட்சி போதுமானது.

முடிவுரை

இக்குடிகள் யாவும் பொய். இவர் வாழ்ந்த நாடும் பொய். எனினும் இவற்றினின்று நாம் பெறும் முடிவு பொய்யன்று. குடிப்பெருமை என்பது முன்னோர் எழுதிவைத்த ஓர் ஓலை. அதில் ஒவ்வொரு தலைமுறையும் தன் கையொப்பத்தைப் புதிதாக இடவேண்டும். ஜோரா இடத் தவறினான். அவன் தந்தையின் வாள் வேறிடம் சென்றது. வில்லா என்னும் பெண் இட்டாள்; ஆயிரம் ஆண்டுப் பழைய ஓலை மீண்டும் செல்லுபடியாயிற்று. டாவோஸுக்கு முன்னோர் ஓலையே இல்லை. அவன் முதல் வரியைத் தானே எழுதினான்.

தந்தை ஏவியபோது போகிறேன் என்று சொல்லிப் போகாத மகனையும், மாட்டேன் என்று சொல்லிப் பின் மனந்திரும்பிச் சென்ற மகனையும் பற்றிய வேதாகம உவமையை நாம் அறிவோம். முதன்மகனைப் போன்றவன் சத்தியம் செய்த வால்டர் ஃபிரே. இரண்டாமவனைப் போன்றவன் சட்டத்தை மீறிப் பிழைத்த டாவோஸ். இறுதியில் எவன் தோட்டத்தில் வேலை செய்தான் என்பதே கேள்வி.

நம்முட் பெரும்பாலார் பெருங்குடியினர் அல்லேம். நம் கையில் படையுமில்லை, சுரங்கமுமில்லை. நாம் இட்ட கையொப்பம், நாம் கொடுத்த சொல், நம் வீட்டில் உண்டவர்க்கு நாம் காட்டிய முகம் ஆகிய இவையே நம் உடைமை. இவற்றைக் காப்பதில் நம்மைக் கட்டாயப்படுத்துவார் பலகால் எவருமிரார். அவ்வேளையில் நாம் செய்வது எதுவோ, அதுவே நம் குலமொழி.